லாரல் - ஹார்டி: திரையில் அசடு, திரைக்குப் பின்னால் மூளை

ஒல்லியான ஒருவரும் பருமனான ஒருவரும் சேர்ந்து நடந்து போனால், “அதோ, லாரல் ஹார்டி வர்றாங்க” என்று கேலி பேசும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் உண்டு. கவுண்டமணி - செந்தில் ஜோடியைத் தமிழ்த் திரையின் லாரல் - ஹார்டி என்று எழுதிய பத்திரிகைகளும் பல. இப்படிப் பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேர் அவர்களின் படம் ஒன்றை முழுதாகப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். பெயர் தங்கிவிட்டது, படங்கள் மறந்துவிட்டன.

ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு என்பது மட்டுமே சிரிப்புக்குக் காரணமாக இருந்திருந்தால், அந்தக் கூட்டணி இரண்டு படத்துக்கு மேல் தாங்கியிருக்காது. ஸ்டேன் லாரலும் ஆலிவர் ஹார்டியும் 107 படங்களில் சேர்ந்து தோன்றினார்கள். அவற்றில் 32 ஊமைக் குறும்படங்கள், 40 பேசும் குறும்படங்கள், 23 முழுநீளப் படங்கள். மற்ற 12 படங்களில் சிறு தோற்றம். ஹாலிவுட் ஊமையாக இருந்த காலத்திலும் பேசத் தொடங்கிய பிறகும் ஒரே அளவு வெற்றி கண்ட நகைச்சுவைக் கலைஞர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் இவர்கள் இருவரும் அடக்கம்.

அவர்களை அறிமுகம் செய்து கொள்ள ஒரு படம் போதும். 1932-இல் வெளிவந்த ‘தி மியூசிக் பாக்ஸ்’. ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். கதை என்று சொன்னால் ஒரு வரிதான். பெரிய மரப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு பியானோவை இருவரும் ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீடு எங்கே என்று தபால்காரரைக் கேட்கிறார்கள். அவர் கையை உயர்த்திக் காட்டுகிறார். நூற்றுக்கும் மேற்பட்ட படிகளின் உச்சியில் இருக்கிறது வீடு.

தூக்குகிறார்கள். பாதி வழியில் குழந்தை வண்டியோடு ஒரு பெண் எதிரே வருகிறார். அவருக்கு வழிவிடப் போய்ப் பெட்டி நழுவுகிறது. உள்ளே இருக்கும் பியானோ டொய்ங் டொய்ங் என்று அலறிக்கொண்டே அடிவாரத்துக்குப் போய்ச் சேருகிறது. மறுபடியும் தூக்குகிறார்கள். இம்முறை போலீஸ்காரர். அடுத்து, உயரத் தொப்பி அணிந்த ஒரு பேராசிரியர். தான் ஒதுங்கிப் போவதா என்று அவர் கத்துகிறார், தொப்பி பறிபோகிறது. ஒருவழியாக உச்சியை அடைந்தபோது அதே தபால்காரர் வருகிறார். “பின்பக்கமாகச் சாலை இருக்கிறதே, வண்டியிலேயே மேலே வந்திருக்கலாமே” என்கிறார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியை வீட்டுக்குள் தள்ளியிருப்பார்கள். லாரலும் ஹார்டியும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தனை படிகளும் கீழே இறங்கி, வண்டியில் ஏற்றி, சாலை வழியாக மறுபடியும் மேலே வருகிறார்கள்.

நகை தோன்றும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அவற்றில் பேதைமையும் ஒன்று. பேதைமை என்றால் வெறும் அறிவின்மை என்று நினைத்துவிடுகிறோம். லாரலும் ஹார்டியும் காட்டுவது அதைவிட நுட்பமானது. ‘சரியான வழி’ எது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, அப்படியானால் அதைச் செய்தே தீர வேண்டும் என்ற நேர்மையான முட்டாள்தனம் அது. அதனால்தான் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோமே தவிர, வெறுப்பதில்லை.

அந்தப் படம் சிறந்த நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. ஏறிப் பார்க்க வருபவர்கள் எண்ணிச் சொல்லும் கணக்கு 133 படிகள். இதே படிக்கட்டில் 1927-இல் ‘ஹேட்ஸ் ஆஃப்’ என்ற ஊமைப் படத்தையும் இவர்கள் எடுத்திருந்தார்கள். அப்போது தூக்கியது துணி துவைக்கும் இயந்திரம். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கையில் இல்லை.

அடி விழும், வலிக்காது

இவ்வகை நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர். இத்தாலியின் பழைய தெருக்கூத்தில் நடிகர்கள் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். இரண்டு மெல்லிய மரப்பட்டைகள் கைப்பிடியில் சேர்ந்திருக்கும். அதால் ஒருவரை அடித்தால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிய சத்தம் கேட்கும், அடிபட்டவருக்கு வலிக்காது. சத்தம் பெரிது, காயம் சிறிது. ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல் அந்தக் கருவியின் பெயர்தான்.

ஹாலிவுட்டின் தொடக்க காலத்தில் அடிதடிச் சிரிப்பு என்றால் வேகம் என்று பொருள். ஓட்டம், துரத்தல், விழுதல், மறுபடியும் ஓட்டம். 1917-இல் ராஸ்கோ ஆர்பக்கிளும் பஸ்டர் கீட்டனும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியபோதும் அதுதான் நடைமுறை. லாரலும் ஹார்டியும் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. வேகத்தைக் குறைத்தார்கள்.

1929-இல் வந்த ‘பிக் பிஸ்னஸ்’ என்ற ஊமைப் படத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் வெயிலில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். மீசைக்கார நடிகர் ஜேம்ஸ் ஃபின்லேசன் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார். மரத்தின் கிளை கதவில் சிக்கிக்கொள்கிறது. மணியடித்துக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். அவர் மரத்தை வெட்டிப் போடுகிறார். இவர்கள் அவருடைய கதவில் கை வைக்கிறார்கள். அவர் இவர்களுடைய காரில் கை வைக்கிறார். கடைசியில் ஒரு பக்கம் வீடு சிதைகிறது, மறுபக்கம் கார் துண்டு துண்டாகிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஒருவர் உடைக்கும்போது மற்றவர் அமைதியாக நின்று பார்க்கிறார். உடைத்து முடித்ததும் இவருடைய முறை. ஊருக்கே தெரிந்த சண்டையை இரண்டு கனவான்கள் மரியாதையோடு போடுவது போல இருக்கும். இடையே வந்த போலீஸ்காரரும் உடனே தலையிடாமல், குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்கிறார்.

இந்த நிதானம் தற்செயலாக வந்ததில்லை. படம் வெளிவருமுன் அதை ஒரு தியேட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் மக்கள் சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்பப் படத்தை மறுபடியும் வெட்டி ஒட்டுவார்கள். ஏதாவது கவிழ்ந்ததும் ஹார்டி நேராகக் கேமராவைப் பார்ப்பார். “இவனோடு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா” என்று நம்மிடம் முறையிடுவது போன்ற பார்வை. அந்தப் பார்வை நீளுவது, அரங்கில் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த சிரிப்பைத் தொடங்கக் கூடாது என்பதற்காக. இன்று கைப்பேசியில் தனியாகப் பார்க்கும் இளையோருக்கு இந்தப் படங்கள் இழுப்பதாகத் தோன்றினால், காரணம் இதுதான். நூறு பேர் சிரிப்பதற்காக விட்ட இடைவெளியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் நாலைந்து பேரைச் சேர்த்து உட்கார வைத்துப் பார்த்தால் அதே படம் வேறாகத் தெரியும்.

ஆட்டுக்காலும் ஒரு கூட்டணியும்

லாரலின் இயற்பெயர் ஆர்தர் ஸ்டேன்லி ஜெஃபர்சன். 1890-இல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் நாடகக் கொட்டகை நடத்தியவர் என்பதால் மேடை வீட்டுச் சொத்து. ஃபிரெட் கார்னோவின் நாடகக் குழுவில் சேர்ந்து 1910-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது, அதே குழுவில் நட்சத்திரமாக இருந்தவர் சார்லி சாப்ளின். சாப்ளினுக்கு உடம்பு முடியாவிட்டால் மேடை ஏறுவதற்காகத் தயாராக வைக்கப்பட்டிருந்தவர் லாரல்.

ஹார்டி அமெரிக்கர். 1892-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஹார்லெம் என்ற ஊரில் பிறந்தார். பிறந்த ஆண்டிலேயே தந்தை ஆலிவர் இறந்துவிட்டார். தாய் வைத்த பெயர் நார்வெல். அதை மாற்றித் தந்தையின் பெயரைத் தன் பெயராக்கிக் கொண்டார். தாயார் நடத்திய தங்கும் விடுதியின் முன்கூடத்தில் உட்கார்ந்து, வருவோர் போவோரின் நடையையும் பேச்சையும் கவனிப்பது சிறுவனின் பொழுதுபோக்கு. 1910-இல் ஊரில் திறந்த தியேட்டரில் படம் ஓட்டும் வேலைக்குப் போனார். திரையில் நடிப்பவர்களைப் பார்த்து, இதைவிட மோசமாக நான் செய்துவிட மாட்டேன் என்று தோன்ற, நடிக்கக் கிளம்பியவர் அவர்.

1926 வாக்கில் இருவரும் ஹால் ரோச் என்பவரின் ஸ்டூடியோவில் தனித்தனியாக வேலை பார்த்தார்கள். ஹார்டி நடிகர். லாரல் அப்போது நடிப்பைவிட எழுத்திலும் இயக்கத்திலும்தான் ஆர்வமாக இருந்தார். ஒருநாள் வீட்டில் ஆட்டுக்கால் சமைக்கும்போது ஹார்டியின் கையில் சூடு பட்டுவிட்டது. அவர் நடிக்க வேண்டிய வேடத்தை லாரலே ஏற்று நடிக்க வேண்டியதாயிற்று. அப்படித்தான் கேமராவின் பின்னால் போக நினைத்தவர் மறுபடியும் முன்னால் வந்தார். ஸ்டூடியோவில் மேற்பார்வை இயக்குநராக இருந்த லியோ மெக்கேரி, இவர்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று கண்டுகொண்டார். 1927 முடிவதற்குள் ஜோடி உறுதியாகிவிட்டது.

அந்த ஆண்டுக் கடைசியில் வந்த ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’ படத்தில் ஒரு தெரு முழுக்கச் சண்டை. ஆயுதம், கிரீம் தடவிய பலகாரம். 3,000 எறியப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தச் சண்டை இருந்த சுருள் பல ஆண்டுகள் காணாமல் கிடந்து, 2015-இல்தான் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது.

முட்டாள் யார்?

திரையில் ஹார்டி முதலாளி. “நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தள்ளி நில்” என்று விரலை ஆட்டுவார், டையின் நுனியை உருட்டுவார், அடுத்த நொடி குழிக்குள் விழுவார். லாரல் தலையைச் சொறிவார், திட்டினால் குழந்தை போல அழுவார். தன் நடை தட்டையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் காலணியின் குதியைக் கழற்றிவிட்டவர் லாரல். இருவரும் ஓட்டையான சட்டை போட்டாலும் வட்டத் தொப்பி தவறாது. அடுத்தவரிடம் அறிமுகம் செய்யும்போது “என் நண்பர் திரு. லாரல்” என்பார் ஹார்டி. கையில் காசில்லாவிட்டாலும் மரியாதையை விடாத இரண்டு பேர். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்து நின்ற மக்களுக்கு இவர்களை ஏன் பிடித்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஸ்டூடியோவில் நிலைமை தலைகீழ். சிரிப்பை யோசிப்பவர், எழுதுபவர், இயக்குநரோடு உட்கார்பவர், இரவு தங்கிப் படத்தை வெட்டுபவர் எல்லாமே அந்த ‘அசடு’ லாரல்தான். படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ஃப் ஆடப் போய்விடுவார். லாரலின் சம்பளம் ஹார்டியின் சம்பளத்தைவிடப் பெரிது, ஏறத்தாழ இரு மடங்கு. ஹார்டி இதற்காக மனம் கசந்ததில்லை. அதிக வேலை செய்கிறவருக்கு அதிகச் சம்பளம் என்பது அவருக்கு நியாயமாகப் பட்டது.

இது எவ்வளவு அரிதான மனநிலை என்பது இன்னொரு ஜோடியைப் பார்த்தால் விளங்கும். மேற்சொன்ன கிரீம் சண்டைப் படத்தில் வரும் குத்துச்சண்டைக் காட்சியில், கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருப்பவர் லூ காஸ்டெல்லோ. பிற்பாடு பட் அபட்டோடு சேர்ந்து, 1940-களில் லாரல் - ஹார்டியையே வசூலில் முந்தியவர். மேடை வழக்கப்படி, சிரிக்க வைப்பவரைவிட, எதிரே நின்று பேச்சை எடுத்துக்கொடுப்பவருக்குத்தான் கூலி அதிகம். அதன்படி அபட்டுக்கு 60 பங்கு, காஸ்டெல்லோவுக்கு 40. பிறகு அது சரிபாதியானது. பிறகு காஸ்டெல்லோவுக்கு 60 என்று மாறியது. பெயர் வரிசையையும் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டபோது ஸ்டூடியோ மறுத்துவிட்டது. 1945 வாக்கில் இருவருக்கும் பேச்சுவார்த்தை குறைந்துபோனது. 1957-இல் பிரிந்தார்கள்.

பேசும் படம் வந்தபோது வேறொரு சிக்கல். ஊமைப் படத்தை எந்த நாட்டிலும் ஓட்டலாம். ஆங்கிலம் பேசினால்? குரல் மாற்றும் நுட்பம் அப்போது பக்குவப்படவில்லை. ஆகவே ஒரே காட்சியை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் திரும்பத் திரும்ப நடித்தார்கள். அந்த மொழிகள் இருவருக்கும் தெரியாது. ஒலிப்பை அப்படியே எழுதிய பலகையைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். தமிழ் தெரியாத கதாநாயகிகள் வசனத்தைத் தம் மொழி எழுத்தில் எழுதிப் படிப்பது போலத்தான். இத்தாலியில் அந்த ஆங்கிலக் கொச்சையே சிரிப்பாகிவிட்டது. பின்னாளில் இத்தாலியர்கள் குரல் கொடுத்தபோதும் அதே கொச்சையை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள்.

தனித்தனி ஒப்பந்தம்

தயாரிப்பாளர் ஹால் ரோச் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார். லாரலுக்கு ஓர் ஒப்பந்தம், ஹார்டிக்கு ஓர் ஒப்பந்தம். இரண்டும் வெவ்வேறு தேதிகளில் முடியும். ஒருவருடையது முடியும்போது மற்றவர் இன்னும் கட்டுப்பட்டிருப்பார். ஆகவே இருவரும் ஒன்றாக எழுந்து நின்று “இதுதான் எங்கள் விலை” என்று சொல்ல வழியில்லை. உலகமே ஒரே பெயராகச் சொன்ன ஜோடி, காகிதத்தில் இரண்டு தனிக் கூலிகள்.

லாரலோடு தகராறு முற்றியபோது ரோச் அவரை நீக்கிவிட்டு, ஹார்டியை வேறொரு நடிகரோடு சேர்த்து 1939-இல் ‘செனோபியா’ என்ற படம் எடுத்தார். யானைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கதை. அந்தக் கூட்டு ஒரு படத்தோடு நின்றது. லாரல் திரும்பி வந்தார். 1940-இல் இருவரும் ரோச்சை விட்டு வெளியேறினார்கள்.

அடுத்து நடந்ததுதான் வருத்தமானது. 1941 முதல் 1945 வரை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸில் ஆறு படங்கள், எம்.ஜி.எம்.-இல் இரண்டு. பெரிய நிறுவனங்கள், பெரிய விளம்பரம். ஆனால் எழுத்தில் லாரலின் பேச்சு எடுபடவில்லை, படத்தொகுப்பு அறைக்குள் அவருக்கு இடமில்லை. எழுதிக் கொடுத்ததை நடிக்க வேண்டியதுதான். வழக்கமான வெளிர் ஒப்பனையைக்கூட ஃபாக்ஸ் மாற்றியது. ஐம்பதைத் தொட்ட முகங்களின் சுருக்கங்கள் அப்பட்டமாகத் தெரிந்தன. ஐம்பது வயதுக் கிழவர்கள் குழந்தை போல நடந்துகொண்டால் சிரிப்பு வராது, பரிதாபம்தான் வரும். சில படங்கள் காசு பார்த்தன என்றாலும் பழைய படங்களின் பக்கத்தில் வைக்கும் தகுதி அவற்றுக்கு இல்லை.

1950-களில் தொலைக்காட்சி வந்ததும் பழைய குறும்படங்கள் வீடு வீடாக ஓடின. புதிய தலைமுறைக் குழந்தைகள் சிரித்தார்கள். லாரலுக்கும் ஹார்டிக்கும் அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. படங்கள் அவர்களுக்குச் சொந்தமில்லை. விளம்பரத்துக்கு இடம் செய்வதற்காகத் தன் படங்களைக் கண்டபடி வெட்டுகிறார்களே என்பதுதான் லாரலைப் பணத்தைவிட அதிகமாக வாட்டியது.

பிழைப்புக்கு மேடை இருந்தது. 1947, 1952, 1953 ஆண்டுகளில் பிரிட்டனில் ஊர் ஊராகச் சென்று நடித்தார்கள். 1953 செப்டம்பர் 9-ஆம் தேதி அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில் அவர்களின் கப்பல் வந்து நின்றபோது கரையெல்லாம் மக்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் தேவாலயத்தின் மணிகள் ஒலிக்கத் தொடங்கின. அது வழிபாட்டு இசை இல்லை. லாரல் - ஹார்டி படங்களின் தொடக்கத்தில் வரும் குயில் பாட்டு மெட்டு. இருவரும் அழுதுவிட்டார்கள். ஹாலிவுட் மறந்திருந்த நேரத்தில் கிடைத்த வரவேற்பு அது. 2018-இல் வெளிவந்த ‘ஸ்டேன் அண்ட் ஆலி’ திரைப்படம் இந்தக் கடைசிப் பயணத்தைத்தான் கதையாக எடுத்துக்கொண்டது.

1954 மே மாதம் பிளிமத் நகரில் ஹார்டிக்கு நெஞ்சுவலி வந்தது. பயணம் அதோடு நின்றது. அடுத்த ஆண்டு லாரலுக்குப் பக்கவாதம். அதிலிருந்து அவர் தேறினார். 1956 செப்டம்பரில் ஹார்டிக்கு வந்த பக்கவாதம் கடுமையானது, பேச்சும் போனது. 1957 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, 65 வயதில் ஹார்டி இறந்தார். உடல்நிலை கருதி மருத்துவர் தடுத்ததால் லாரலால் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை.

அதன் பிறகு லாரல் நடிக்கவே இல்லை. அழைப்புகள் வந்தன, மறுத்துவிட்டார். சாந்தா மோனிக்காவில் கடலைப் பார்த்த ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அவருடைய எண் ஊர்த் தொலைபேசிப் புத்தகத்திலேயே இருந்தது. நடிகர் டிக் வான் டைக் அதைப் பார்த்துத்தான் முதன்முதலாக அவரை அழைத்தார். ரசிகர்களின் கடிதங்களுக்கு லாரலே தட்டச்சில் பதில் எழுதினார். 1961-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கார் விருது அறிவித்தபோதும் மேடைக்குப் போகவில்லை, வேறொரு நடிகர் வாங்கிக்கொண்டார். 1965 பிப்ரவரி 23-ஆம் தேதி அவர் இறக்கும்வரை சிரிப்புக் காட்சிகளைத் தாளில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். எல்லாமே இரண்டு பேருக்கான காட்சிகள்.